மலை ஏறினா மட்டும் போதுமா, கதை கேட்க வேண்டாமா? மதுரை 'பசுமை நடை'யும் காரியாபட்டிக்காரர்களுக்கான ஒரு கைடும்!

உங்க போன் கேலரியைத் திறந்து பாருங்க. எங்கேயாவது ஒரு பாறை மேல ஏறி நின்னு, பின்னாடி சூரியன் தெரிய எடுத்த ஒரு போட்டோ கண்டிப்பா இருக்கும். அந்தப் பாறையோட பேர் என்ன? அதுல யாராவது எதையாவது செதுக்கி வெச்சிருக்காங்களா? பக்கத்து ஊர்ப் பாட்டி அதைப் பற்றி என்ன சொல்வாங்க? மூணு கேள்விக்கும் பதில் தெரிஞ்சா நீங்க கில்லாடி. தெரியலைன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

காரியாபட்டியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மதுரை. அந்த மதுரையைச் சுற்றியுள்ள பாறை மலைகளில் பல ஆண்டுகளாக ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்துகொண்டிருக்கிறது. பெயர், 'பசுமை நடை'. எத்தனை கிலோமீட்டர் நடந்தோம், எவ்வளவு உயரம் ஏறினோம் என்று இவர்கள் கணக்கு பார்ப்பதில்லை. ஏறுவார்கள், பாறையில் உட்காருவார்கள், கதை கேட்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், இறங்குவார்கள். அவ்வளவுதான். ஆனால், அந்த 'அவ்வளவுதான்' என்ன செய்தது என்பதுதான் விஷயமே.

எப்படி ஆரம்பித்தது?

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில், ஒத்தக்கடை பக்கம் போனால் யானை படுத்திருப்பது போலவே தெரியும் யானைமலை. 2010 வாக்கில் அந்த மலையைக் குடைந்து 'சிற்ப நகரம்' அமைக்கலாம் என்றொரு திட்டம் பேசப்பட்டது. நரசிங்கம், ஒத்தக்கடை பகுதி மக்கள் எதிர்த்தார்கள். எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் அதைப் பற்றி எழுதினார். படித்தவர்கள் பலருக்கு வந்த சந்தேகம் ஒன்றுதான்: 'தினமும் பஸ்ஸில் கடந்து போற மலைதானே, அதுல அப்படி என்ன இருக்கு?'

சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியதுதான் முதல் நடை. தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அறிஞர் சொ.சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறை முன்னால் நின்று, எழுத்துகளைக் காட்டி விளக்க ஆரம்பித்தார்கள். நண்பர்களும் தெரிந்தவர்களுமாகக் கிளம்பிய கூட்டம் வளர்ந்தது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். நடந்த மலைகளின் வரலாறு 'மதுர வரலாறு' என்ற புத்தகமாகவும் வந்தது.

சிற்ப நகரத் திட்டம் நடக்கவில்லை. யானைமலை இன்றும் படுத்திருக்கிறது.

ஒரே மலை, மூன்று கதைகள்

இந்த மாதிரி நடைகளில் மூன்று வகைக் கதைகள் ஓடும்.

முதலாவது, கல் சொல்லும் கதை. யானைமலை அடிவாரத்து நரசிங்கப்பெருமாள் குடைவரைக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதைக் குடைவித்தார். கல்வெட்டு கி.பி.770-ஐச் சேர்ந்தது. ஆனால், வேலை முழுசா முடியும் முன்பே அவர் இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் அடுத்து அமைச்சரானார், அண்ணன் விட்டுப்போன வேலையை முடித்துவைத்தார். 1,250 வருஷத்துக்கு முந்தைய அண்ணன்-தம்பி பாசக் கதை, பாறையில் வட்டெழுத்தில் இருக்கிறது!

இரண்டாவது, ஊர் சொல்லும் கதை. யானைமலை எப்படி வந்தது என்று மதுரைப் பெரியவர்களிடம் கேளுங்கள். 'மதுரையை அழிக்க சமணர்கள் ஏவிவிட்ட மாய யானையை சொக்கநாதர் அம்பெய்து வீழ்த்தினார், அதுதான் மலையாச்சு' என்பார்கள். நாகமலை பாம்பு, பசுமலை பசு என்று கதை தொடரும். திருவிளையாடல் வழியாக வந்த கதைகள் இவை. வேடிக்கை என்னவென்றால், அதே யானைமலையின் மேலே சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. சமணர்கள் தங்கிய மலைக்கு, சமணர்களைத் தோற்கடித்த கதை! பாறையில் உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, 'எது சரி?' என்பதைவிட 'ஏன் இப்படி இரண்டு கதை?' என்ற கேள்வி வருகிறது. நடந்து இறங்கும் வழியெல்லாம் பேச்சு அதைப் பற்றித்தான்.

மூன்றாவது, நடக்க வந்தவர்களின் கதை. காலைச் சாப்பாட்டுக்கு மரத்தடியில் உட்காரும்போது இது தானாக ஆரம்பிக்கும். 'எங்க ஊர்லயும் இப்படி ஒரு கல்லு இருக்கு சார், எழுத்து மாதிரி ஏதோ இருக்கும், நாங்க அதுல உட்கார்ந்து சீட்டு விளையாடுவோம்' என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். பக்கத்தில் இருப்பவர் 'எந்த ஊரு?' என்பார். அறிமுகம் ஆயிற்று. டூர் குரூப்பில் சேர்ந்து போனால் சாயங்காலம் பிரிந்துவிடுவோம். ஒரு கதையை ஒன்றாகக் கேட்டவர்கள் அப்படிச் சுலபமாகப் பிரிவதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது பேச ஒரு விஷயம் ஏற்கெனவே இருக்கிறது, இல்லையா?

எந்த மலையில் என்ன கதை?

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, விருதுநகர் பக்கத்திலிருந்து காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடக்கூடிய மலைகள் இவை. வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள்.

*சமணர் மலை, கீழக்குயில்குடி:* மதுரைக்கு மேற்கே, நாகமலைக்குப் பக்கத்தில். அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், தாமரைக் குளம். ஒரு பக்கம் 'செட்டிப்புடவு'. குகை முகப்பில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம், காதுகள் நீளமாகத் தொங்கும். இது யாரோ ஒரு செட்டியார்தான் என்று நினைத்த ஊர்மக்கள் வைத்த பெயர் அது. உள்ளே, சிங்கத்தின் மீது அமர்ந்து யானையில் வரும் வீரனோடு போரிடும் இயக்கியின் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். இன்னொரு பக்கம் 'பேச்சிப்பள்ளம்'. சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். அவற்றில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார் என்கிறது வட்டெழுத்து. யார் இவர்? மதுரை வட்டாரத்தில் பல சிற்பங்களுக்குக் காரணமான அச்சணந்தி என்ற சமணத் துறவியின் அம்மா. மகன் ஊரெல்லாம் சிற்பம் செய்விக்க, அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று செய்வித்திருக்கிறார்!

*மாங்குளம், மீனாட்சிபுரம்:* தமிழின் மிகப் பழைய கல்வெட்டுகளில் சில இங்கே. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும், 'வெள்ளறை நிகமத்தோர்' என்ற வணிகர் குழுவின் பெயரும் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் 1882-ல் பார்த்தார். இது தமிழ்தான் என்று கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924-ல். நடுவில் 40 வருஷத்துக்கும் மேல். கண்ணெதிரே இருந்த தமிழை நாமே தமிழ் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

*அழகர்மலை, கிடாரிப்பட்டி:* விருதுநகர்க்காரர்களுக்குப் பிடிக்கப்போகும் மலை. 2,000 வருஷப் பழைமையான கல்வெட்டுகளில், படுக்கை வெட்டிக் கொடுக்க உதவியவர்களின் பட்டியல் இருக்கிறது. பொற்கொல்லர், உப்பு வணிகர், வெல்லப்பாகு விற்பவர், கலப்பைக் கொழு விற்பவர். கோயில் திருவிழாவில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை டியூப் லைட்டில் எழுதுவோமே, கிட்டத்தட்ட அதேதான்! வியாபார பூமியில் பிறந்தவர்கள் இந்தப் பட்டியலைப் படித்தால், 'அட, நம்ம ஆளுங்க' என்பார்கள்.

*அரிட்டாபட்டி:* மேலூர் பக்கம். குடைவரைச் சிவன் கோயில், இலகுலீசர் சிற்பம், சமணத் தீர்த்தங்கரர், தமிழ் பிராமி என எல்லாமே ஒரே ஊரில். கல்வெட்டுகளில் நெல்வேலி, இலஞ்சி என்ற ஊர்ப் பெயர்கள் வருகின்றன. பாறை இடுக்குகளில் லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இந்த ஊரின் பெயர் இன்னும் பலருக்குத் தெரியவந்தது வேறு காரணத்தால். அதற்கு வருவோம்.

*கீழவளவு:* சமணத் துறவிகளின் கற்படுக்கைகளை மக்கள் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். வனவாசத்தின்போது பாண்டவர்கள் இங்கே வந்து தூங்கினார்களாம். தமிழ்நாட்டில் பல மலைகளில் இதே பெயர், இதே கதை. கல்வெட்டு படிக்கத் தெரியாத காலத்தில், 'இது யாரோ பெரியவங்க படுத்த இடம், உடைக்கக் கூடாது' என்று ஊர் மக்களுக்குச் சொல்லிவைத்தது இந்தக் கதைதான். வரலாற்றுப்படி தவறாக இருக்கலாம். பாதுகாவல் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

கதையால் ஒரு மலையைக் காப்பாற்ற முடியுமா?

2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம், கிரானைட் முறைகேடுகளால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கும் அதிகம் என்று அறிக்கை அனுப்பினார். தமிழகமே அதிர்ந்தது. பாறை என்பது ஒருவருக்கு வரலாறு, இன்னொருவருக்குச் சதுர அடிக் கணக்கு.

அடுத்து 2024 நவம்பர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க மத்திய அரசு ஏலம் விட்டிருந்தது தெரியவந்தது. கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் தீர்மானம். 2025 ஜனவரி 7-ம் தேதி மேலூர் பகுதி மக்கள் மதுரை தல்லாகுளத்தை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலையைக் காப்பாற்றியது நடைக் குழுக்கள் அல்ல. நிலத்தையும் கண்மாயையும் இழக்க இருந்த அந்த ஊர் மக்கள்தான் முன்னால் நின்றார்கள். ஆனால், அரிட்டாபட்டி என்றதும் 'அது எங்கே இருக்கு?' என்று கேட்காமல், 'அய்யோ, அந்தக் குடைவரைக் கோயில் இருக்குமே, வல்லூறு கூடு கட்டுமே, அங்கேயா?' என்று பதறியவர்கள் வெளியூர்களிலும் இருந்தார்கள். ஒரு காலை நேரத்தில் அந்தப் பாறையில் உட்கார்ந்து கதை கேட்டவர்களும் அதில் உண்டு. பதறுவதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே!

உலகத்தில் இன்னொரு இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1932 ஏப்ரல் 24, இங்கிலாந்து. பணக்காரர்கள் வேட்டையாடுவதற்காகப் பூட்டிவைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில், மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை. அந்தக் கதையை அங்கே நடப்பவர்கள் மறக்கவே விடவில்லை. அந்த மலை அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட், 1951-ல் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. இன்றும் அங்கே நடக்கப் போகிறவர்கள் அந்த 1932-ஐச் சொல்லாமல் நடப்பதில்லை.

கதை கேட்காததால் வந்த ஆபத்து

இதுவரை சொன்னது ஊரை ஒட்டிய பாறை மலைகள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு வேற சமாச்சாரம்.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், நம்ம வயசுக்காரங்க. மலையேறுகிறவர்கள் இடையே அதிகம் சொல்லப்பட வேண்டிய கதை இது. பயமுறுத்துவதற்காக இல்லை. எந்த மாதத்தில் புல் காயும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்த வழியாக ஓட முடியும் என்பதெல்லாம் அந்தக் காட்டில் வாழ்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்காமல் ஏறுவதுதான் ஆபத்து.

குரங்கணிக்குப் பிறகு அரசு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைனில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். நம் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு பாதை உண்டு. காட்டுத்தீ காலமான பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் பாதி வரை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் 'தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார்' என்று யார் கூப்பிட்டாலும் போகாதீங்க.

சரி, நம்ம காரியாபட்டிக்கு வருவோம்

சிவகாசி பெல்ட்டில் 'வெடி' என்றால் தீபாவளி மட்டும் ஞாபகம் வராது. 2024 மே 1-ம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, காரியாபட்டியை அடுத்த ஆவியூர் அருகே கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்றைக்குத்தான் பலருக்கு, நம்ம ஊர்ப் பக்கம் இவ்வளவு பாறை உடைபடுகிறது என்பதே உறைத்தது.

குவாரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு கட்ட ஜல்லி வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால், எது வெறும் கல், எது எழுத்துள்ள கல் என்று தெரிந்த ஒருவராவது ஊருக்கு இருக்க வேண்டாமா? மதுரையின் மலைகளுக்குக் கதை சொல்ல ஆள் கிடைத்தார்கள். நம் பக்கத்துக் கற்களுக்கு?

சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன, மக்கள் சாமியாகவே கும்பிடுகிறார்கள். காரியாபட்டி வழியாக ஓடும் குண்டாற்றைப் பிடித்துக்கொண்டே போனால், ரமண மகரிஷி 1879-ல் பிறந்த திருச்சுழி வரும். ஆற்றங்கரையில் பள்ளிமடத்துப் பழைய சிவன் கோயில் இருக்கிறது. சிவகாசிக்குப் பக்கத்தில் வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. கண்மாய் மடைக் கல்லில் எழுத்து இருக்கலாம். வயல் நடுவே 'மாலைக்கோயில்' என்று கும்பிடும் கல், போரில் இறந்த வீரனும் உடன்கட்டை ஏறிய மனைவியுமாக இருக்கலாம்.

உங்க ஊரில் ஒரு கதை நடை: ஆரம்பிப்பது எப்படி?

1. பத்து பேர் போதும். முதல் நடை இரண்டு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். கண்மாய்க் கரையிலிருந்து ஆரம்பியுங்கள்.

2. ஆடு மேய்க்கும் தாத்தா, களை எடுக்கும் அப்பத்தா, கோயில் பூசாரி. இந்த மூவரிடமும் முதலில் பேசுங்கள். 'இந்தக் கல்லுக்கு என்ன பேரு தாத்தா?' என்ற ஒரு கேள்வி போதும், அவங்களே தொடங்கிடுவாங்க.

3. அனுமதி கேட்டு போனில் ரெக்கார்டு செய்யுங்கள். சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் குறித்துவையுங்கள்.

4. கேட்ட கதையையும் கல்வெட்டுச் செய்தியையும் கலக்காதீர்கள். 'ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்' என்றும், 'கல்வெட்டில் இப்படி இருக்கிறது' என்றும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

5. எழுத்து தெரிந்தால் சாக்பீஸ், எண்ணெய், பெயின்ட் எதையும் தடவாதீர்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போட்டோ எடுத்தாலே எழுத்து தெளிவாக விழும். அதை அரசு அருங்காட்சியகம் அல்லது தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள்.

6. பறவைக் கூடு இருக்கும் இடத்தை லொகேஷனோடு ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

7. குவாரி, பட்டாசு ஆலை, தனியார் நிலம் பக்கம் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கைவிடப்பட்ட குவாரிப் பள்ளத் தண்ணீரில் இறங்கவே கூடாது.

8. முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுங்கள். கட்டுச்சோறோ, ரோட்டுக் கடை இட்லியோ. அடுத்த நடைக்கான இடம் அந்தப் பேச்சில்தான் கிடைக்கும்.

அடுத்த ஞாயிறு காலை அலாரம் வையுங்கள். கூட ஒரு ஃப்ரெண்டையும், முடிந்தால் வீட்டுத் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பழைய போட்டோவில் இருக்கும் பாறையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே இடத்தில் இன்னொரு போட்டோ எடுங்கள். இந்த முறை கேப்ஷனில் எழுத ஒரு கதை இருக்கும்!